மண்ணெண்ணெய் வாங்கி விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைக் காட்டி என்னிடம் யோசனை கேட்பார்கள். முதல் வருடம் நான் செய்த பிழை, அதே வரியில் அப்படியே இருக்கும். கூட்டல் பிழை, பழைய விலைப்பட்டியல் போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த வெப்பநிலையில் லிட்டர் என்று எழுதாமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மண்ணெண்ணெய் சூட்டில் விரியும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.09 சதவீதம். கேட்கச் சின்னக் கணக்குதான். ஆனால் 35 டிகிரியில் அளந்த 10 லட்சம் லிட்டரை 15 டிகிரிக்குத் திருத்தினால் சுமார் 18,000 லிட்டர் குறையும்.

என் முதல் பெரிய சரக்கில் இதுதான் நடந்தது. தொட்டியில் இருந்த சூட்டிலேயே அளந்து பணம் கட்டினேன். விற்ற ஒப்பந்தத்திலோ ‘15 டிகிரியில்’ என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, பொருள் புரியாமலே கையெழுத்துப் போட்டேன். அளவு குறைந்ததும் எங்கோ ஒழுகுகிறது என்று இரண்டு நாள் குழாய் குழாயாகத் தேடினோம். கடைசியில் மூத்தவர் ஒருவர் வெப்பநிலைப் பதிவைக் கேட்டார். அப்புறம்தான் விளங்கியது. அந்தச் சரக்கின் லாபம் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

அடர்த்தியும், அதாவது ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பதும், இதே கதைதான். சர்வதேசச் சந்தையில் ஐரோப்பாவில் டன்னுக்கு விலை, சிங்கப்பூரில் பேரலுக்கு (சுமார் 159 லிட்டர்), அமெரிக்காவில் காலனுக்கு. ஒரு டன்னுக்கு 7.9 பேரல் என்று மனப்பாடமாகப் போட்டுவிடுகிறார்கள். அடர்த்தி 0.79 என்றால் 7.96 பேரல் வரும், 0.81 என்றால் 7.77தான். அந்தச் சரக்கின் சோதனை அறிக்கையில் உள்ள அடர்த்தியையே எடுங்கள். வாங்கும் தாளிலும் விற்கும் தாளிலும் ஒரே வெப்பநிலை இருக்கட்டும். அலகு மாறித்தான் தீரும் என்றால், சரி, எந்த அடர்த்தியை வைத்து மாற்றுவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஜெட் எரிபொருளும் இதுவும் ஒன்று என்று நினைப்பது

கச்சா எண்ணெய் வடிப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பகுதிதான். ஆனால் ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் உறைநிலை -47 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சுத்திகரிப்பு ஆலை முதல் விமானம் வரை சான்றிதழ்த் தொடரும் அறுபடக் கூடாது. ஜெட் எரிபொருளை மண்ணெண்ணெயாக விற்கலாம், மண்ணெண்ணெயை ஜெட்டாக விற்க முடியாது.

நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்வது

வேண்டாம்.

பெட்ரோல் ஓடிய லாரியில் ஏற்றுவது

மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது நெருப்புக் காட்டினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, நாட்டின் தர விதியைப் பொறுத்து குறைந்தது 35 அல்லது 38 டிகிரி இருக்க வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே அது சரசரவென்று இறங்கிவிடும், அந்த எண்ணெய் ஊற்றிய விளக்கும் அடுப்பும் வெடிக்கும். கடைசியாக என்ன ஏற்றினீர்கள் என்று லாரிக்காரரிடம் கேளுங்கள். பெட்ரோல் என்றால், தொட்டியைச் சுத்தம் செய்து காட்டும்வரை வால்வைத் திறக்க விடாதீர்கள்.