இன்டர்ஃபெரான் நல்லதா, கெட்டதா? கேள்வியிலேயே தவறு இருக்கிறது

சைட்டோகைன்களை, அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்களை, அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது நம் மாணவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இன்டர்ஃபெரான் வைரஸை எதிர்க்கும், ஐ.எல்-10 (இன்டர்லூகின்-10) நோயெதிர்ப்பைத் தணிக்கும், அவ்வளவுதான். தேர்வுக்கு இது போதும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான டி செல்லைப் புரிந்துகொள்ளப் போதாது, ஏனென்றால் அந்த அட்டவணையில் "எப்போது" என்ற கட்டமே கிடையாது.

எல்.சி.எம்.வி. என்ற வைரஸைச் சுண்டெலிக்குச் செலுத்துகிறார்கள். அந்த வைரஸின் ஒரு துண்டை அடையாளம் காணும் கொல்லி டி செல்கள் அதற்கு முன் சில நூறுதான் இருக்கும். எட்டாம் நாள் மண்ணீரலில் மட்டும் சுமார் ஒரு கோடி! இப்படிப் பெருக இன்டர்ஃபெரானின் சமிக்ஞை வேண்டும். அந்தச் சமிக்ஞையை வாங்கும் புரதமான ஏற்பி இல்லாத செல்கள் பெருக முடியாமல் செத்துப்போகின்றன.

சரி, இதே வைரஸின் கிளோன் 13 என்ற வகையைச் செலுத்தினால்? அது உடலைவிட்டுப் போகாமல் மாதக்கணக்கில் தங்கிவிடும். அங்கே அதே இன்டர்ஃபெரான் ஓயாமல் ஒலித்து, டி செல்களை அடக்கும் ஐ.எல்-10, பி.டி-எல்1 ஆகிய தடைகளைக் கூட்டிவிடுகிறது. 2013இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இன்டர்ஃபெரானின் ஏற்பியை ஆன்டிபாடியால் அடைத்துப் பார்த்தன. வைரஸ் முதலில் கூடியது. அப்புறம், அடைக்காத எலிகளைவிடச் சீக்கிரமே குறைந்தது. இதற்கு, மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குத் துணைபுரியும் 'உதவி டி செல்கள்' தேவைப்பட்டன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பும் கூடிவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கு டி செல்களைப் பெருக்கும் சைட்டோகைனான இன்டர்லூகின்-2 கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2009இல் வந்தது. சி.டி.4 செல்கள், அதாவது உதவி டி செல்கள், நன்றாகவே ஏறின. நோயோ மரணமோ குறையவில்லை.

நீண்ட தொற்றில் செயல் மங்கிப்போன "களைத்த" டி செல்லைச் செத்த செல் என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். டி செல்லின் மேல் இருந்து பி.டி-எல்1-இன் தடைச் செய்தியை வாங்கும் பி.டி-1-ஐ அடைத்தால் அவற்றில் ஒரு பகுதி மறுபடி வேலை செய்யும் என்று 2006இலேயே எலிகளில் காட்டிவிட்டார்கள்.

நாள் கணக்கை மறப்பது ஆய்வகத்தோடு நிற்பதில்லை. நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன், ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரைக் காத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. இது 2020இலேயே தெரியும். ஆனாலும் 2021 இரண்டாம் அலையில், காய்ச்சல் வந்த முதல் இரண்டு மூன்று நாளிலேயே, வைரஸை அடக்க டி செல்கள் பெருகத் தொடங்கும் அந்த நேரத்திலேயே, பலர் வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.