பெரிய லா ஃபர்மில் சேரும் நம் ஊர்ப் பெண் வக்கீல்கள் கவனிக்க வேண்டியவை

தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சட்டம் படித்துவிட்டு சென்னையில் பெரிய லா ஃபர்மில் சேரும் பெண்கள் இப்போது நிறையப் பேர். பண்டிகைக்கு ஊருக்கு வந்துவிட்டு உழவன் எக்ஸ்பிரஸில் திரும்பும் அந்தப் பிள்ளைகளைக் கும்பகோணம் ஸ்டேஷனில் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர்களில் சிலர் முதல் குழந்தையோடு தொழிலை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேரும்போது கொடுக்கும் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தவறு. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் ஊழியர்களுக்கானது. முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே வக்கீல் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. அதனால் ஃபர்ம்களில் பெரும்பாலும் ரீடெயினர் முறைதான், அதாவது ஊழியராக இல்லாமல் தனி வக்கீலாக ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பது. மாதாமாதம் வருவது சம்பளம் போலத் தெரிந்தாலும், கணக்கில் அது தொழில் கட்டணம். லீவு என்பது அந்த ஃபர்ம் தன் விருப்பத்தில் வைத்திருக்கும் ஏற்பாடாக இருக்கலாம். எத்தனை வாரம், அந்த நாட்களில் பணம் வருமா, வருடத்துக்கு இத்தனை மணி நேர வேலைக்குக் கட்சிக்காரர்களுக்கு பில் போட வேண்டும் என்ற இலக்கில் லீவு நாட்களைக் கழிப்பார்களா, திரும்பி வரும்போது சீனியாரிட்டி நிற்குமா? கடிதத்தில் இல்லையென்றால் மெயிலில் கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்குங்கள். சேரும்போதே இதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். ஒப்பந்தத்தைப் படிப்பது நம் தொழில், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அதுதான் தொழில்.

அடுத்தது, சொல்லாமல் சமாளிப்பது. இதை நானே செய்தேன். சீனியரிடம் ஏழாம் மாதம்வரை வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். என் பொறுப்பில் இருந்த ஒரு வழக்குக் கட்டில் அன்றைக்கு எதிருரை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி வாய்தா. யாருக்கும் தெரியவில்லை, கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டார், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிட்டது. திருப்பனந்தாள் பக்கத்துப் பெரியவர், அரை ஏக்கர் நிலத்துக்காக வழக்கு நடத்தியவர். 30 நாளுக்குள் மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தோம். ஆனால் அவர் ஆபீஸ் வாசலில் நின்று, “என்னம்மா, நிலம் போயிடுச்சா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. முன்பே சொல்லி, வக்காலத்தில் இன்னொருவர் பெயரையும் சேர்த்திருந்தால் அவருக்கு அந்த ஒரு மாதத் தவிப்பு வந்திருக்காது. லீவுக்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொரு கட்டுக்கும் அடுத்த வாய்தா, காலக்கெடு இரண்டையும் எழுதி ஒப்படைத்துவிடுங்கள். மாவட்ட நீதிமன்ற அப்பீலுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள் என்பதெல்லாம் நமக்கு மனதில் இருக்கும், பதிலுக்கு நிற்பவருக்குத் தாளில் இருக்க வேண்டும்.

வீட்டு விஷயம். “அம்மா இருக்காங்க, பார்த்துப்பாங்க” என்று குழந்தையை மன்னார்குடியில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒருவரை மட்டுமே நம்புவதுதான் ஆபத்து. அறுவடை நேரத்தில் அம்மாவுக்கும் வேலை இருக்கும், முழங்கால் வலியும் இருக்கும். கணவரிடம் “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று கேட்காதீர்கள். செவ்வாயும் வியாழனும் குழந்தை அவர் பொறுப்பு என்று நாள் குறித்துப் பேசிவிடுங்கள்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் எந்த ஊர் என்பதையும் யோசிக்க வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர் வழக்குகள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போகும். மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்குப் போகும். சென்னையில் பழகிய சீனியர்களும் நண்பர்களும் பின்னால் சொன்ன ஊர்களில்தான் அதிகம் கைகொடுப்பார்கள்.

அப்புறம், குழந்தைக்காகக் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பதற்கு சன்னதை, அதாவது வக்கீல் பதிவுச் சான்றிதழை, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். கோர்ட் வேலைக்குத் திரும்புபவர்கள், முடிந்தால், மே விடுமுறை முடிந்து ஜூனில் கோர்ட் திறக்கும் வாரத்தில் வாருங்கள். விடுமுறையிலேயே கட்டுகளை வாங்கிப் படித்துவிடலாம்.