மனநல இல்லத்தைப் பார்க்கப் போகிறீர்களா? குளியலறையிலிருந்து தொடங்குங்கள்

என் அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய். அம்மா இருந்தவரை வீட்டிலேயே இருந்தார். அம்மா போன பிறகு என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, ஊருக்கு வெளியே ஒரு சின்ன இல்லத்தில் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன் நான் பார்த்தது ஆபீஸ் அறையை மட்டும்தான். காபி கொடுத்தார்கள், பொங்கல் விழா போட்டோக்களைக் காட்டினார்கள், பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அண்ணன் மொட்டைத் தலையோடு, யாருடையதோ ஒரு தொளதொளச் சட்டையில் வந்து நின்றார். "பேன் வருதுன்னு எல்லாருக்கும் அடிச்சிட்டாங்கடா" என்றார்.

அப்புறம் ஏழெட்டு இல்லங்கள் ஏறி இறங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை, முதன்முறை போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான்.

1. போவதற்கு முன்: பதிவு

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும், குடும்பத்தோடு வாழும் வீட்டைத் தவிர, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "நாங்க சின்ன இல்லம்தான் சார், பத்து பேர்தான்" என்பதெல்லாம் பதில் ஆகாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எதுவரை செல்லும் என்று தேதியைப் பாருங்கள்.

பதிவு வெறும் காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். இன்றைய சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது.

2. எப்போது போவது

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள், அது மரியாதை. இரண்டாம் தடவை மதியம் மூன்று மணி வாக்கில் சொல்லாமல் போங்கள். காலையில் எல்லா இல்லமும் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாகத்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. எல்லோரும் சுவரில் சாய்ந்து ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை, ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டும் இன்னொருவர் கேரம் ஆடிக்கொண்டும், ஒருவர் தூங்கிக்கொண்டும் இருக்கிறார்களா? ஆளுக்கொரு மாதிரி இருந்தால் நல்லது. பகல் முழுக்க எல்லோரும் ஒரே மாதிரி தூங்கினால், மருந்து அதிகமா என்று கேட்கத்தான் வேண்டும்.

3. குளியலறை

கூச்சப்படாமல் "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டு, ஆபீஸ்காரர்கள் போகும் கழிப்பறைக்கு அல்ல, அங்கே தங்கியிருப்பவர்கள் போகும் கழிப்பறைக்கே போங்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? ஆபத்து நேரத்தில் வெளியிலிருந்து திறக்க வழி வைத்துக்கொண்டே உள்தாழ்ப்பாள் போட முடியும், அதனால் "பாதுகாப்புக்காக எடுத்துட்டோம்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. சோப்பு ஆளுக்கொன்றா? பல்துலக்கிகளில் பெயர் எழுதியிருக்கிறதா? நான் போன ஒரு இல்லத்தில் ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஒரே ஒரு சீப்பு தொங்கிக்கொண்டிருந்தது, பதினான்கு பேருக்கும் அதுதான். அதற்கு மேல் அங்கே எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

பெண்கள் இல்லம் என்றால் மாதவிடாய்க்கு நாப்கின் கேட்டு வாங்க வேண்டுமா, கையருகிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இதுவும், சொந்தத் துணி உடுத்துவதும், கட்டாய மொட்டை அடிக்காமல் இருப்பதும் சட்டத்தின் 20ஆம் பிரிவில் உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அண்ணனைச் சேர்க்கும்போது இது எனக்குத் தெரியாது.

4. மருந்து

இதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வந்தால் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசுகிறாரா, இல்லை பழைய சீட்டிலேயே "தொடரவும்" என்று எழுதிவிட்டுப் போகிறாரா? முடிந்தால் ராத்திரி மாத்திரை கொடுக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது என்ன மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கும் இடமும் இருக்கிறது, வரிசையில் நிற்கவைத்து வாயைத் திற என்னும் இடமும் இருக்கிறது.

அடுத்து ரத்தப் பரிசோதனை. ஸ்கிசோஃப்ரினியாவுக்குத் தரும் க்ளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுபவருக்கு வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையை ஆரம்பத்தில் வாரா வாரமும் பிறகு இடைவெளி விட்டும் பார்க்க வேண்டும். அந்த மருந்தில் மலச்சிக்கல் ஆபத்தாகவே முற்றிவிடக் கூடும், அதனால் "மோஷன் சரியா போகுதா?" என்று தினம் கேட்கும் ஊழியர் இருந்தால் அந்த இல்லத்தை நம்பலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் குறைந்தாலே அளவு ஏறி, கை நடுங்கி, வாந்தி வந்து, நடை தள்ளாடும். ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளில் எடையும் சர்க்கரையும் கூடும். எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா, அதில் எடுத்த எடையை எழுதிவைத்த நோட்டு இருக்கிறதா? இரண்டையும் கேளுங்கள். உங்கள் வீட்டு ஆளின் நோட்டைப் பார்க்க நாளைக்கு விடுவார்களா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

5. இல்லவாசிகளிடம் பேசுங்கள்

ஊழியர் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும், அதுதான் முக்கியம். "உங்களுக்கு இங்கே பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? கடைசியாக வீட்டுக்கு எப்போது போன் பேசினீர்கள்? டீ இன்னொரு தடவை கேட்டால் கிடைக்குமா? போன வாரம் வெளியே எங்கே போனீர்கள்? பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் வீடு.

சமையலிலோ தோட்டத்திலோ வேலை செய்கிறவர் இருந்தால், விருப்பப்பட்டுச் செய்கிறாரா, கூலி உண்டா என்று கேளுங்கள். கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும்.

6. ராத்திரியும், கோபம் வரும் நேரமும்

ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? மெயின் கேட் சாவி யாரிடம்? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று ஒரு ஊழியரை நடந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒருவர் கொந்தளித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "பேசிப் பார்ப்போம், தனியா அழைச்சிட்டுப் போய் தண்ணி கொடுப்போம்" என்று தொடங்கினால் சரி. "ஒரு ரூம் இருக்கு" என்று தொடங்கினால் எழுந்துவிடுங்கள். தனியாக அடைத்துவைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பிடித்துக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பில் உள்ள மனநல மருத்துவர் அனுமதித்தால்தான். தண்டனையாகச் செய்யக் கூடாது, ஆள் போதவில்லை என்பதும் காரணமாகாது. யாரை, எப்போது, ஏன் கட்டுப்படுத்தினார்கள் என்று எழுதிவைத்திருப்பதைக் கேளுங்கள்.

7. வெளியே வரும் வழி

கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்று கேட்காதீர்கள், கடைசியாக வீடு திரும்பியவர் யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் அது உள்ளே போவதற்கு மட்டும் கதவு உள்ள இடம். உங்கள் வீட்டு ஆள் தானாகச் சேர்கிறாரா, இல்லை தானே முடிவெடுக்க முடியாத நிலையில் அவர் சார்பில் இன்னொருவர் கேட்டு, பிறர் ஆதரவோடு சேர்க்கப்படுகிறாரா என்பதும் முக்கியம். ஆதரவோடு சேர்ப்பது முதலில் 30 நாள் வரைதான். அதைத் தாண்டி வைத்திருக்க மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். குறை இருந்தால் முதலில் இல்லத்தின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், பதில் திருப்தி இல்லை என்றால் அந்த வாரியத்தில் புகார் கொடுக்கலாம். ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி மனஸ் 14416.

8. சேர்த்த பிறகு

இது முடிகிற வேலை இல்லை. நான் இப்போது மாதம் இருமுறை போகிறேன், கையில் ஒரு நகவெட்டியோடு. அண்ணன் காலை நீட்டுவார், நான் நகம் வெட்டிக்கொண்டே பாதத்தில் வெடிப்பு, கணுக்காலில் வீக்கம், கட்டிய தடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். அவருக்கும் அது சோதனை மாதிரித் தெரியாது, பேசிக்கொண்டே இருப்பார். பஸ் ஏறியதும் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்வேன்.