மோட்டார் காந்தம் சூட்டைத் தாங்குமா? கலப்புத் தனிமங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

கடந்த மாம்பழப் பருவத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குச் சுமை ஏற்றிச் செல்லும் ஒரு மின்சாரச் சரக்கு ஆட்டோவின் மோட்டாருக்குப் புதிய நியோடிமியம் காந்தங்களை ஒட்டிக் கொடுத்தேன். பழையவை 42 எஸ்.எச். ரகம், அதைவிட வலுவானது என்று எண்ணி என்-52 வாங்கினேன். மேசையில் நன்றாகச் சுழன்ற அந்த மோட்டார், பத்து நாட்களில் ஏற்றத்தில் இழுவை குறைந்து திரும்பி வந்தது. சுருளிலும் பேரிங்கிலும் பழுதில்லை, காந்தங்கள்தாம் வலுவிழந்திருந்தன. அதற்கான காரணத்தைத் தேடிய வழியையே இங்கே படிகளாக எழுதுகிறேன். மோட்டாரைப் பிரிக்கவும் காந்தம் ஒட்டவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: குறியீட்டைப் படித்தல்

எண் காந்தத்தின் ஆற்றல் பெருக்கத்தை, அதாவது அதன் வலிமையை, குறிக்கும். அதன் பின்வரும் எழுத்து சூட்டைத் தாங்கும் அளவைக் குறிக்கும். எழுத்து இல்லாவிடில் 80 டிகிரி செல்சியஸ், எம். என்றால் 100, எச். என்றால் 120, எஸ்.எச். என்றால் 150, யு.எச். என்றால் 180, ஈ.எச். என்றால் 200. இவை பொதுவான வரம்புகளே. மோட்டாரின் வடிவத்தைப் பொறுத்து மாறும்.

இரண்டாம் படி: தரவுத்தாளில் சரியான பத்தியைப் பார்த்தல்

நான் தவறியது இங்கேதான். ஆகவே நிதானமாகப் படியுங்கள். காந்த நீக்குத்திறன், அதாவது எதிர்த்திசைக் காந்தப்புலத்தைத் தாங்கி நிற்கும் திறன், தரவுத்தாளில் இரண்டு பத்திகளில் இருக்கும்: ஒன்று எச்.சி.பி., மற்றொன்று எச்.சி.ஜே. முதலாவது, எதிர்ப்புலத்தால் காந்தத்தின் மொத்தப் பாய அடர்த்தி சுழியாகும் இடம். இரண்டாவது, காந்தத்தின் உள்ளே இருக்கும் காந்தமாக்கமே சுழியாகும் இடம். எச்.சி.பி. எண் காந்தத் தேக்குத்திறனால், அதாவது வெளிப்புலம் இல்லாதபோதும் காந்தத்தில் தங்கும் பாய அடர்த்தியால், கட்டுப்பட்டது. எனவே என்-42 ஆனாலும் 42 எஸ்.எச். ஆனாலும் அது ஏறத்தாழ 11 முதல் 12 கிலோ ஓர்ஸ்டெட்டுக்குள் (காந்தப்புலத்தின் அலகு) நிற்கும். அந்தப் பத்தியை மட்டும் பார்த்த நான், இரண்டு ரகங்களும் ஒன்றே, எழுத்து இல்லாத என்-52-உம் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். எச்.சி.ஜே. பத்தியிலோ என்-42-க்கு 12, 42 எஸ்.எச்.-க்கு 20 என்று இருந்தது. மோட்டாருக்கு வேண்டியது இந்த எண்.

மூன்றாம் படி: அந்த 8 கிலோ ஓர்ஸ்டெட் எங்கிருந்து வருகிறது

இந்தக் காந்தத்தின் அடிப்படைச் சேர்மத்தில் 2 நியோடிமியம், 14 இரும்பு, 1 போரான் அணுக்கள் உள்ளன. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே இதை எட்டினார்கள். இதன் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை முற்றிலும் மறையும் வெப்பநிலை, ஏறத்தாழ 312 டிகிரிதான். அதற்கு வெகு கீழேயே நீக்குத்திறன் சரியத் தொடங்கிவிடும்.

நியோடிமியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக டிஸ்ப்ரோசியத்தைச் சேர்த்தால், காந்தமாக்கத்தை ஒரே திசையில் பிடித்து வைக்கும் பற்று வலுக்கிறது. அந்தப் பற்றை அளக்கும் திசைசார் புலம் நியோடிமியச் சேர்மத்தில் ஏறத்தாழ 7 டெஸ்லா, டிஸ்ப்ரோசியச் சேர்மத்தில் 15, டெர்பியச் சேர்மத்தில் 22. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: டிஸ்ப்ரோசியம், டெர்பியம் ஆகிய இந்தக் கனமான அருமண் தனிமங்களின் அணுக்காந்தம் இரும்பின் அணுக்காந்தத்துக்கு எதிர்த்திசையில் நிற்பதால், நியோடிமியத்தை முழுவதும் மாற்றினால் மொத்தக் காந்தமாக்கம் 1.6 டெஸ்லாவிலிருந்து 0.7 வரை இறங்குகிறது. எஸ்.எச்., யு.எச். ரகங்களில் 52 என்ற எண் எளிதில் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

கோபால்ட், இரும்பின் இடத்தில் சேர்ந்து, ஒவ்வொரு அணு விழுக்காட்டுக்கும் கியூரி வெப்பநிலையை ஏறத்தாழ 10 டிகிரி உயர்த்துகிறது, துருப்பிடிப்பதையும் குறைக்கிறது. ஆயினும் அளவு மீறினால் நீக்குத்திறன் குறையும் என்பதால், அது டிஸ்ப்ரோசியத்துக்கு மாற்றாகாது. செம்பு, அலுமினியம், காலியம் ஆகியவை சிறிதளவு சேர்ந்து, படிகமணிகளுக்கு இடையிலுள்ள நியோடிமியம் மிகுந்த படலத்தைச் சீராகப் பரவச் செய்கின்றன. ஒரு மணியில் தொடங்கும் காந்தப் புரட்டல் அடுத்ததற்குத் தாவாமல் அந்தப் படலம் தடுக்கிறது. நியோபியம் மணிகள் பெருத்துவிடாமல் காக்கிறது. பிரசியோடிமியம் நியோடிமியத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டையும் பிரிக்காமலே பயன்படுத்துவதால் செலவு குறைகிறது. சீரியம் விலையைக் குறைக்கும், சூடு தாங்கும் தன்மையையும் குறைக்கும். ஏற்றம் ஏறும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அப்பட்டியலில் நியோடிமியம் இல்லை. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் உள்ளன. ஆகவே எஸ்.எச். என்று சொல்லி விற்பவரிடம் எச்.சி.ஜே. சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: கணக்கு

காந்தத்தின் தடிமன் 3 மி.மீ., காற்றிடைவெளி 0.8 மி.மீ. என்று கொள்வோம். தடிமனை இடைவெளியால் வகுத்தால் 3.75, அதோடு 1.05-ஐக் கூட்டினால் 4.8. தேக்குத்திறனைக் கிலோ காஸில் எடுத்து இந்த 4.8-ஆல் வகுத்தால், காந்தம் தனக்குத்தானே தரும் எதிர்ப்புலம் கிடைக்கும். என்-52-க்கு 14.4-ஐ 4.8-ஆல் வகுக்க 3 கிலோ ஓர்ஸ்டெட். ஏற்றத்தில் சுருள் தரும் எதிர்ப்புலத்தை மற்றொரு 3 என்று வைத்தால் மொத்தம் 6. அறை வெப்பநிலையில் எச்.சி.ஜே. 11 இருப்பதால் கவலையில்லை; என் மேசைச் சோதனை தேறியது இதனால்தான்.

இனி 120 டிகிரியில் பாருங்கள். தேக்குத்திறன் டிகிரிக்கு ஏறத்தாழ 0.12 விழுக்காடும், எச்.சி.ஜே. ஏறத்தாழ 0.6 விழுக்காடும் குறையும். நூறு டிகிரி ஏறினால் எதிர்ப்புலம் 5.6; தாங்கும் திறனோ 4.4. காந்தம் திரும்பாத இழப்புக்குள் போய்விடுகிறது. அதே மோட்டாரில் 42 எஸ்.எச். என்றால் எதிர்ப்புலம் 5.4, தாங்கும் திறன் 8. நீண்ட ஏற்றத்தில் மின்னோட்டமும் சூடும் ஒருசேர உயர்வதால், தாங்கும் திறனுக்கும் எதிர்ப்புலத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நான் ஒருபோதும் 2 கிலோ ஓர்ஸ்டெட்டுக்குக் கீழே விடுவதில்லை.

ஐந்தாம் படி: சோதனை

மெல்லிய ஹால் முனை (காந்தப்புலத்தை உணரும் முனை) கொண்ட காஸ்மீட்டரையே பயன்படுத்துங்கள். கைப்பேசிச் செயலி இதற்கு உதவாது, அதன் உணரி இவ்வளவு வலுவான புலத்தை அளப்பதற்கானதன்று. முனையை ஒரே இடத்தில் நிறுத்த மரத்தாலான தாங்கி ஒன்று செய்துகொள்ளுங்கள். அளந்து எழுதிக்கொண்டு, ரீவைண்டிங் பட்டறையின் வார்னிஷ் உலர்த்தும் ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, முழுவதும் ஆறிய பின் மீண்டும் அளக்க வேண்டும். சூடாக இருக்கும்போது குறைவாகக் காட்டுவது இயல்பு. ஆறிய பின்னும் குறைந்தே நின்றால் அதுவே திரும்பாத இழப்பு.

பிற்சேர்க்கை: இதைப் படித்த தருமபுரி வாசகர் ஒருவர், நல்ல எஸ்.எச். காந்தமும் ஓவனில் வலுவிழந்தது என்று எழுதினார். அவர் காந்தத்தைத் தனியாக வைத்திருந்தார். மெல்லிய காந்தம் இரும்புச் சுற்று இல்லாமல் இருக்கும்போது அதன் தன் எதிர்ப்புலம் பல மடங்கு உயரும். ரோட்டாரில் ஒட்டி, ஸ்டேட்டருடன் பொருத்திய நிலையிலேயே சோதியுங்கள்.

மற்றொருவர், பள்ளத்தில் அமராத காந்தத்தை அரைத்துப் பொருத்தியதாகச் சொன்னார். இப்போது வரும் பல காந்தங்களில் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கலவை முழுவதும் இருப்பதில்லை. மேற்பரப்பில் பூசி, 800 முதல் 900 டிகிரியில் சூடாக்கி, மணி எல்லைகள் வழியே உள்ளே ஊடுருவச் செய்கிறார்கள். அவற்றில் அந்தத் தனிமம் மேற்பரப்பை ஒட்டியே மிகுதியாக இருக்கும். அரைத்தால் நிக்கல் பூச்சோடு அந்த அடுக்கும் போய்விடும். அரைத்த தூளும் எளிதில் தீப்பற்றும். ஆகவே அளவு பொருந்தாத காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான அளவில் வாங்குங்கள்.