டேகேர் பார்க்க மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள்

பாப்பாவுக்கு ஒன்றரை வயதானபோது, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கையில் பதினைந்தே நாள். வேளச்சேரியைச் சுற்றி ஏழு டேகேர் ஏறி இறங்கி, ஒன்றில் சேர்த்து, மூன்றே மாதத்தில் நிறுத்தி, வேறொன்றுக்கு மாற்றினேன். அங்கே இரண்டு வருடம் ஓடிவிட்டது. கட்டணம், தூரமெல்லாம் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன், அலுவலகத்தில் கேட்டீர்களா? மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் வந்த, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம்.

படி 1: சொல்லாமல் போங்கள்

நேரம் வாங்கிக்கொண்டு போனால் பலூன், பாட்டு, சிரித்த முகம். காலை பத்தரைக்கு எல்லா டேகேரும் நல்ல டேகேர்தான். இரண்டாவது தடவை, பிள்ளைகள் தூங்கும் மத்தியான நேரத்தில் போன் செய்யாமல் போய் நில்லுங்கள். அடையாள அட்டை கேட்டு, பெயர் எழுதி, கூடவே ஒருவர் வந்து சுற்றிக் காட்டினால் சந்தோஷம். வாசலோடு திருப்பி அனுப்பினால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

உள்ளே போனதும் தலைகளை எண்ணுங்கள். எத்தனை ஆயா என்று கேட்டால் "நாலு பேர்" என்பார்கள். அதில் ஒருவர் சமையல், ஒருவர் லீவு. ஓரிடத்தில் பதினாலு பிள்ளைகளுக்கு ஒரே ஆயா, அவரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குளியலறையையும் எட்டிப் பாருங்கள். தண்ணீரோடு வாளி இருக்கக் கூடாது. தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம்.

படி 2: பின்வாசலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகியதை நம் ஊரில் யார் மறப்பார்கள்? சமையற்கட்டுத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெளியே வர வழி போதவில்லை. கீற்று போய்விட்டது, வழி மட்டும் இன்னும் பாடம். நான் பார்த்த ஒரு முதல் மாடி டேகேரில் அடுப்பும் சிலிண்டரும் அதே தளத்தில். பின்பக்க கிரில் கேட்டுக்குப் பூட்டு.

"சாவி?"

"மேடம்கிட்ட இருக்கு."

"மேடம்?"

"பேங்க்குக்குப் போயிருக்காங்க."

படி 3: கூட்டிப் போவது யார்?

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். மூன்றாம் மாதம் ஒருநாள் மீட்டிங் இழுத்துவிட்டது. கொழுந்தனாரை அனுப்பினேன், டேகேருக்குச் சொல்ல மறந்தே போனேன். அவர் அதற்கு முன் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் இருவரும் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. இவர் யாரென்று தெரிந்து பிள்ளையைக் கொடுத்தார்கள்?

மறுநாள் கேட்டேன். "பாப்பா சிரிச்சுக்கிட்டே அவர்கிட்ட தாவுச்சு மேம்."

பிஸ்கட்டைக் காட்டினால் பாப்பா கூரியர்காரரிடமும் தாவும்.

சேர்க்கிற நாளிலேயே மூன்று பேரின் போட்டோவும் போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். வேறு யாராவது வந்தால், வந்தவர் போட்டுத் தரும் போனில் பேசக் கூடாது. படிவத்தில் இருக்கும் உங்கள் நம்பருக்கு அவர்களே அழைக்க வேண்டும். கூடவே ஒரு ரகசியச் சொல். எங்களுடையது ஒரு காய்கறி.

பிறகு சோதித்துப் பாருங்கள். புது இடத்தில் சேர்த்த இரண்டாம் வாரம் என் தோழியை அனுப்பினேன். ஆயாம்மா அவளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. இருபது நிமிடம்! பிள்ளையைக் கண்ணிலேயே காட்டவில்லையாம். தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆயாம்மாவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

படி 4: கேமராவா, நோட்டா?

போனிலேயே நேரலை பார்க்கலாம் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கேமரா கழிப்பறையைக் காட்டாது, காட்டவும் கூடாது. என் கட்சி நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு. சாப்பிட்டது, தூங்கியது, டயப்பர் மாற்றிய நேரம், மாற்றியவர் பெயர். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட விடாதீர்கள். பாப்பா பேச ஆரம்பித்த பிறகு, "இன்னிக்கு யாரு கழுவிவிட்டாங்க?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டு, நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். ஏதாவது உறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098. இலவசம், ராப்பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

பின்சேர்க்கை: பக்கத்து ஃப்ளாட் அக்காவிடம் விடுகிறேன், இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு வாசகி கேட்டார். ஒரே கேள்வி போதும். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாருக்கா பாத்துப்பாங்க?" "எங்க வீட்டுக்காரர்" என்று பதில் வந்தால், நீங்கள் அவரிடமும்தான் பிள்ளையை விடுகிறீர்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: மருந்து. "ஒரு ஸ்பூன் கொடுங்க" என்று எழுதி அனுப்பாதீர்கள். பாராசிட்டமால் சிரப்பே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. டாக்டர் சொன்ன அளவை மில்லியில் எழுதி, பாட்டிலோடு வந்த அளவு மூடியையும் பையில் போடுங்கள். எங்கள் மூடி முதல் வாரமே தொலைந்துபோனது. இப்போது ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றில் பாப்பா பெயரை மார்க்கரில் எழுதி அனுப்புகிறேன்.