மியூனிக்ல இருந்து டேகர்ன்சே ஏரிக்கு ரயில்ல ஒரு குளிர்கால நாள்: எந்தப் பெட்டில ஏறணும்ங்கறது வரைக்கும்

டிசம்பர் ஜனவரில மியூனிக்ல இருக்கறவங்க பனி போர்த்தின மலையும் ஏரியும் பாக்க ரொம்ப தூரம் போகவே வேணாம், தெக்கால ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரயில்ல போனா டேகர்ன்சே வந்துடும். ஏரிக்கும் அதே பேர்தான், ஊருக்கும் அதே பேர்தான். நாங்க இதுவரைக்கும் நாலு தடவை போயிருக்கோம். முதல் தடவை வேற ஏரிக்கரைல போய் இறங்கிட்டோம், குழந்தைய வெச்சுக்கிட்டு பாதி நாள் வீணாச்சு. அது வேற யாருக்கும் ஆகக்கூடாதுன்னுதான் இத எழுதறேன். மூணாவது ஸ்டெப்ப மட்டுமாவது முழுசா படிச்சிடுங்க.

ஸ்டெப் 1: பொழுது சாயற நேரத்துல இருந்து பின்னோக்கி கணக்கு போடுங்க

டிசம்பர் நடுவுல இங்க விடியவே எட்டு மணி ஆகுது, சாயங்காலம் 4.20 வாக்குல சூரியன் மறைஞ்சிடும். அதனால "காலைல மெதுவா கிளம்பலாம்"ங்கற பேச்சே வேணாம். 11 மணிக்குள்ள ஏரிக்கரைல நிக்கணும், அப்பதான் அஞ்சு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும். மலைல ஏறி இறங்கற திட்டம் இருந்தா இன்னும் முன்னாடியே.

ஸ்டெப் 2: டிக்கெட்

ரெண்டு பேருக்கு மேல போனா என் சாய்ஸ் பையர்ன் டிக்கெட்தான் (பையர்ன்னா மியூனிக் இருக்கற பவேரியா மாநிலம், அதுக்கான ஒரு நாள் டிக்கெட்). ஒரே டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் போகலாம், நாள் பூரா எத்தனை ரயில் வேணா மாறலாம், மியூனிக் மெட்ரோ, ட்ராம் எல்லாத்துலயும் செல்லும். வார நாள்ல காலை 9 மணிக்கு அப்புறம்தான் செல்லும், சனி ஞாயிறு, லீவு நாள்ல நடுராத்திரில இருந்தே செல்லும், முடியறது மறுநாள் விடிகாலை 3 மணிக்கு. லோக்கல் ரயில் மட்டும்தான், ஐசிஇ மாதிரி வேக ரயில்ல ஏறக்கூடாது. மெஷின்ல வாங்கினா கூட வர்றவங்க எல்லார் பேரையும் பேனால எழுதிடணும், பேனா கொண்டு போங்க, ஒரு ஐடி கார்டும் இருக்கட்டும். விலை அடிக்கடி மாறுது, வாங்கற அன்னிக்கு பாத்துக்கோங்க.

இங்கயே வேலை பாக்கறவங்க கைல டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி பூரா லோக்கல் ரயில், பஸ்ல போற மாசப் பாஸ்) இருந்தா இது எதுவும் வேணாம். 2023 மே மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சது, 2025 ஜனவரில 58 ஆச்சு. அது மாசா மாசம் தானா புதுப்பிச்சுக்கற சந்தா, டூரிஸ்ட்டா வந்து எடுக்கறவங்க அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணிடுங்க, இல்லன்னா அடுத்த மாசக் காசும் போயிடும்.

நேரம் பாக்க நான் ஜெர்மன் ரயில்வேயோட டிபி நாவிகேட்டர் ஆப்தான் வெச்சிருக்கேன், அதுல லோக்கல் ரயில் மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு தேடுங்க.

ஸ்டெப் 3: ரயில் நடுவழில பிரியும்

மியூனிக் மெயின் ஸ்டேஷன்ல இந்த ரயில் 27ல இருந்து 36 வரைக்கும் இருக்கற பிளாட்ஃபார்ம் பக்கம் நிக்கும். மெயின் ஹால்ல இருந்து நல்லா நடக்கணும், பத்து நிமிஷம் ஒதுக்கிடுங்க. அங்க நிக்கறது பாக்க ஒரே நீள ரயில், ஆனா போற ஊர் மூணு. ஹோல்ட்ஸ்கிர்ஷன் ஸ்டேஷன்ல ஒரு பகுதி கழண்டு ஷ்லியர்சே, பைரிஷ்செல் பக்கம் போயிடும். மிச்சம் ஷாஃப்ட்லாக் வரைக்கும் வந்து மறுபடி ரெண்டாகும், ஒண்ணு லெங்கிரீஸ், இன்னொண்ணு டேகர்ன்சே.

எங்களுக்கு நடந்தது இதுதான். பிளாட்ஃபார்ம் போர்டுல டேகர்ன்சேன்னு பேர் இருந்துது, எந்தப் பெட்டில இடம் இருந்துதோ அதுல ஏறி உக்காந்துட்டோம். ஜன்னலுக்கு வெளிய வயலெல்லாம் வெள்ளையா இருக்கு, பையன் கண்ணாடில மூச்சு விட்டு விட்டு விரலால படம் வரைஞ்சிட்டிருந்தான், ஹோல்ட்ஸ்கிர்ஷன்ல கொஞ்ச நேரம் நின்னதையும் ஜெர்மன்ல ஏதோ சொன்னதையும் நாங்க காதுல வாங்கல. அப்புறம் பெரிய ஏரி ஒண்ணு தெரிஞ்சதும் வந்துட்டோம்னு இறங்கிட்டோம். ஸ்டேஷன் பேர் ஷ்லியர்சே. அங்கயும் ஸ்டேஷன் பக்கத்துலயே ஏரி, சுத்தி மலை, அதான் ஏமாந்துட்டோம். திரும்ப ஹோல்ட்ஸ்கிர்ஷன் வந்து அடுத்த ரயிலுக்குக் காத்து நின்னு டேகர்ன்சே போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் இறங்கிடுச்சு.

அதனால ஏறும்போது அந்தப் பெட்டிக்கு வெளிய கதவு பக்கம் எழுதியிருக்கற ஊர் பேரைப் பாருங்க, பிளாட்ஃபார்ம் போர்டை மட்டும் நம்பாதீங்க. உள்ள போனதும் மேல இருக்கற ஸ்கிரீன்ல கடைசி ஊர் டேகர்ன்சேதானான்னு இன்னொரு தடவை பாருங்க. முன்பகுதியா பின்பகுதியான்னு மனப்பாடம் பண்ண வேணாம், ஒவ்வொரு தடவையும் பேரைப் படிக்கறதுதான் பாதுகாப்பு. சந்தேகம்னா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "டேகர்ன்சே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அறிவிப்புல "ட்சூக்டைலுங்" அப்படின்னு காதுல விழுந்தா ரயில் பிரியப் போகுதுன்னு அர்த்தம். "ஃபோர்டரர்"னா முன்பகுதி, "ஹின்டரர்"னா பின்பகுதி. தப்பான பகுதில இருந்தீங்கன்னா ஹோல்ட்ஸ்கிர்ஷன்ல சட்டுன்னு இறங்கி மாறிடுங்க.

ஸ்டெப் 4: அங்க போய்

ஊர் ஏரியோட கிழக்குக் கரைல இருக்கு, அதனால மதியத்துக்கு மேல வெயில் நேரா முகத்துல விழும். ஸ்டேஷன்ல இருந்து இறக்கமா நடந்தா பழைய மடம் வரும், 8ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது, 1803ல மூடி அப்புறம் பவேரிய ராஜ குடும்பம் வாங்கி அரண்மனையாக்கிட்டாங்க. அதே கட்டடத்துலதான் பிரபலமான பீர் ஹாலும் இருக்கு. கறி சாப்பிடாம முட்டை மட்டும் சாப்பிடறவங்களுக்கு இந்த ஊர்ப் பக்கம் சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே (முட்டை சேர்த்த நூடுல்ஸ் மாதிரி) நல்ல சூடா கிடைக்கும். ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், அதனால நாங்க பிளாஸ்க்ல சுக்கு காபியும் டப்பால எலுமிச்சை சாதமும் எடுத்துட்டுப் போயிடுவோம்.

பனி நல்லா விழுந்திருந்தா பஸ் பிடிச்சு ரோட்டாக்-எகெர்ன் பக்கம் வால்பெர்க் மலைக்கு, 1722 மீட்டர், கேபிள் கார்ல போங்க. மேல இருந்து சறுக்கு வண்டில இறங்கற பாதை மட்டும் ஆறரை கிலோமீட்டர். அது சின்னப் பசங்களுக்கு இல்ல. கரையோரமா நடக்கறவங்க ஷூவுக்கு அடில மாட்டற ஸ்பைக் வாங்கிடுங்க, வெயில் பட்டு உருகின பனி சாயங்காலம் கண்ணாடி மாதிரி உறைஞ்சிடும்.

திரும்பறப்ப குழப்பமே இல்ல, பிரிஞ்சதெல்லாம் வழில ஒண்ணு சேர்ந்து மியூனிக்குத்தான் போகும். டேகர்ன்சே கடைசி ஸ்டேஷன், பத்து நிமிஷம் முன்னாடி போனா சீட் கிடைக்கும்.

அப்டேட்: ஒருத்தர் வார நாள்ல 8.50 ரயில்ல பையர்ன் டிக்கெட்டோட ஏறலாமான்னு கேட்டிருந்தாங்க. கூடாது, 9 மணிக்கு அப்புறம் கிளம்பறதுல ஏறுங்க.

இன்னொரு அப்டேட்: குளிர்ல போன் சார்ஜ் திடீர்னு இறங்கி டிக்கெட்டைக் காட்ட முடியாம போச்சுன்னு இன்னொருத்தர் எழுதினாங்க. போனை உள்பாக்கெட்ல உடம்பு சூட்டுல வைங்க, இல்லன்னா என்னை மாதிரி மெஷின்ல பேப்பர் டிக்கெட்டே எடுத்துடுங்க. அப்புறம், முந்தின ராத்திரி பெருசா பனி கொட்டியிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி ஆப்ல பாத்துடுங்க. 2023 டிசம்பர் 2ஆம் தேதி மியூனிக்ல விமானம், ரயில் எல்லாமே நின்னு போச்சு, தெற்கு பவேரியால சில பாதைகள் சரியாக நாள் கணக்காச்சு. "எஸ்இவி"ன்னு போட்டிருந்தா ரயிலுக்குப் பதிலா பஸ் விடறாங்கன்னு அர்த்தம், அன்னிக்கு குழந்தைங்களோட போகாதீங்க, அடுத்த வாரம் வெச்சுக்கோங்க.