ஸ்டாக்ஃபிஷ்ல எண்ட்கேம் டேபிள்பேஸ் போடுறது எப்படி, எவ்வளவு இடம் புடிக்கும்

செஸ் இன்ஜின் ஸ்டாக்ஃபிஷுக்கு எண்ட்கேம் டேபிள்பேஸ் போட்டேன், அதாவது கொஞ்சம் காய் மட்டும் மிச்சமிருக்கற பொசிஷனுக்கெல்லாம் முடிவ முன்கூட்டியே கணக்கு போட்டு வச்ச ஃபைல். மூணு நாளா என் ஸ்கிரீன்ல டிபி ஹிட்ஸ் (இன்ஜின் அந்த ஃபைலப் பாத்து எத்தன தடவ பதில் எடுத்துதுங்கற எண்ணிக்கை) 0-ன்னே நின்னுச்சு. எல்லாம் டவுன்லோட் பண்ணி, ஃபைல் இருக்கற எடத்தையும் (பாத்) குடுத்தாச்சு, ஆனா இன்ஜின் அந்த ஃபைலத் தொடவே இல்ல. கடைசியில பாத்தா தப்பு ஒரே ஒரு குறியில. அதான் எழுதி வைக்கிறேன், ஸ்டாக்ஃபிஷ், அத ஓட்டுற செஸ் போர்டு சாஃப்ட்வேர் அரீனா, க்யூட்செஸ் இதெல்லாம் இன்ஸ்டால் பண்ணத் தெரியும்னு வச்சுக்கறேன்.

முதல்ல எது வேணும்னு முடிவு பண்ணுங்க. 5 காய்னா ரெண்டு ராஜாவையும் சேத்துதான், அதாவது யானை சிப்பாய் ஒரு பக்கம், யானை மட்டும் இன்னொரு பக்கம்னா அது 5 காய். இப்ப எல்லாரும் யூஸ் பண்றது ரொனால்ட் டி மான் 2013-ல விட்ட சிஸிஜிங்கற டேபிள்பேஸ். அதுல 3, 4, 5 காய் மொத்தமும் 1 ஜிபிக்குள்ள அடங்கிடும், பழைய நலிமோவ் டேபிள்பேஸ்ல இதே 5 காய் வரைக்கும் 7 ஜிபி. 6 காய்க்குப் போனா 150 ஜிபி. 7 காய் 17 டெராபைட் பக்கம், அத வீட்ல வைக்கணும்னு ஆசைப்படாதீங்க, லிசெஸ் வெப்சைட்டோட அனாலிசிஸ் போர்டுல 7 காய் வந்ததும் ஃப்ரீயாவே காட்டுது. என்னைக் கேட்டா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 5 காய் போதும். 6 காய் போட்டா இன்ஜின் பெருசா ஒண்ணும் பலமாகிடாது, எண்ட்கேம் படிக்கிறவங்களுக்குத்தான் நெஜமான லாபம். உதாரணத்துக்கு ரெண்டு மந்திரி (பிஷப்) எதிர்ல ஒரு குதிரை, ரொம்ப காலமா டிரானு நெனச்சது, 1980-கள்ல கென் தாம்சன் கம்ப்யூட்டர்ல மொத்தமா கணக்கு போட்டப்பதான் பெரும்பாலும் ஜெயிக்கலாம், அதிகபட்சம் 66 மூவ்னு தெரிஞ்சுது.

ஃபைல் ரெண்டு வகை. ஆர்டிபிடபிள்யூனு (.rtbw) முடியறதுல வெற்றியா டிராவா தோல்வியானு மட்டும் இருக்கும், இன்ஜின் யோசிக்கும்போது ஓயாம படிக்கறது இதைத்தான். ஆர்டிபிஇசட்னு (.rtbz) முடியறது, அடுத்து காய வெட்டவோ சிப்பாய நகத்தவோ எத்தன மூவ்னு சொல்லும், போர்டுல இருக்கற பொசிஷனே டேபிள்பேஸுக்குள்ள வந்தப்பறம்தான் இதுக்கு வேலை. அதனால 6 காய் போடறவங்க முதல் வகைய (68 ஜிபி) எஸ்எஸ்டில வைங்க, ரெண்டாவது (82 ஜிபி) பழைய ஹார்ட் டிஸ்க்ல கெடந்தாலும் பரவால்ல. நான் எல்லாத்தையும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல போட்டு, இன்ஜின் வேகம் படுத்துடுச்சு, எண்ட்கேம் வந்தாலே டிஸ்க் கரகரன்னு கத்தும். எஸ்எஸ்டி இல்லன்னா இன்ஜின் செட்டிங்ல சிஸிஜிப்ரோப்டெப்த்த (SyzygyProbeDepth) 1-லேந்து கொஞ்சம் ஏத்துங்க, அடிக்கடி படிக்காது.

இப்ப நான் மாட்டுன எடம். டேபிள்பேஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 345-ன்னு ஒண்ணு, 6-ன்னு ஒண்ணு வச்சிருந்தேன், இன்ஜின் செட்டிங்ல ஃபைல் இருக்கற எடத்த சொல்ற சிஸிஜிபாத்ல (SyzygyPath) வெளி ஃபோல்டர மட்டும் குடுத்தேன். ஸ்டாக்ஃபிஷ் உள் ஃபோல்டருக்குள்ள போய் தேடாது! சரினு ரெண்டு பாத்தையும் கமா போட்டு குடுத்தேன், அதுவும் தப்பு. விண்டோஸ்ல நடுவுல அரைப்புள்ளி (;) போடணும், லினக்ஸ், மேக்ல முக்காப்புள்ளி (:). கொடும என்னன்னா பாத் தப்புனு எர்ரர் எதுவும் வராது, அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கும். அதனால இன்ஜின் எழுதற லாக்க தொறந்து பாருங்க, சரியா இருந்தா 5 காய் வரைக்கும் 145, 6-ம் சேந்தா 510 டேபிள்பேஸ் கெடச்சுதுனு ஒரு வரி வரும். நம்பர் கம்மியா இருந்தா ஏதோ ஃபைல் வரல.

அப்பறம் 5 காய் போட்டவங்க ஒரு 7 காய் பொசிஷன வச்சு அனாலிசிஸ் ஓட விடுங்க, இன்ஜின் யோசிக்கும்போது காய் வெட்டுப்பட்டு 5 காய்க்கு எறங்கும், அப்ப டிபி ஹிட்ஸ் கடகடன்னு ஏறணும். கேஸ்லிங் உரிமை பாக்கி இருக்கற பொசிஷன் மட்டும் வேணாம், டேபிள்பேஸ்ல அது கெடையாது.

அப்டேட்: ஆட்டத்துக்கு நடுவுல இன்ஜின் க்ராஷ் ஆகுதுனு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. ஒரு ஃபைல் பாதியில டவுன்லோட் நின்னிருக்கு, அத அழிச்சிட்டு திரும்ப எறக்குனதும் சரியாச்சு. எம்டி5 (ஃபைல் முழுசா வந்திருக்கானு பாக்கற நம்பர்) செக் பண்ணுங்கனு முதல்லயே சொல்லியிருக்கணும், என் தப்பு.

அப்டேட் 2: “ஜெயிக்கிற ஆட்டத்துல ராணிய சும்மா குடுக்குது, ஃபைல் கெட்டுப்போச்சா?”னு இன்னொரு கேள்வி. இல்லங்க. சிஸிஜில மேட்டுக்கு எத்தன மூவ்ங்கற கணக்கே கெடையாது, 50 மூவ் ரூலுக்குள்ள (50 மூவ் வெட்டாம, சிப்பாய நகத்தாம போனா டிரா கேக்கலாம்ங்கற விதி) வெற்றி உறுதியான்னுதான் பாக்கும், அதனால சில நேரம் காயக் குடுத்து சின்ன எண்ட்கேமா மாத்திக்கும். மேட் தூரத்தையும் சேத்து வச்சா என்ன ஆகும்னா, மாஸ்கோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர்ல 2012-ல போட்ட லோமனோசவ் 7 காய் டேபிள்பேஸ் 140 டெராபைட் ஆச்சு. ராணி போனா போகட்டும், கடைசி வரைக்கும் ஆட விட்டுப் பாருங்க, ஜெயிச்சிடும்.